ரெம்பியாவின் பொய்ப்பற்கள் நடந்து போன வாரம்

ரெம்பியா செம்பனை எண்ணெய் ஆலையில் புதுப் பல்சக்கரம் பூட்டிய மூன்றாம் நாள், ஊரில் இருந்த பதினேழு பொய்ப்பல் செட்டுகளும் அவரவர் வீட்டை விட்டு இறங்கி ஆலையை நோக்கி நடந்தன. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, ஆடி பிறந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் கோழி கிலோ ஒன்பது வெள்ளி நாற்பது காசுக்கு விற்றது. முதலில் பார்த்தது வேலாயி. அவளுக்கு எழுபத்தொரு வயது. மைலோ மக்கில் தண்ணீர் ஊற்றி அதில் பல்லைப் போட்டு வைப்பது அவள் வழக்கம். காலையில் முகம் கழுவிவிட்டு மக்கை எடுக்கப் போனபோது, பல் விளிம்பைக் கவ்விக்கொண்டு வெளியே ஏறி, சமையல் மேடையில் ஈரத்தடம் பதிய நடந்து, கதவின் அடியில் இருந்த சந்து வழியாக வெளியே போயிற்று. வேலாயி துடைப்பத்தோடு துரத்தினாள். சாலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். எதிர்வரிசையில் சீன முதலாளி லிம் தவுக்கே தன் மளிகைக்கடை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அவர் பல் அவருக்கு முன்னால் பத்தடி தூரத்தில், நாய் ஒன்றைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மேல்செட்டும் கீழ்செட்டும் இருந்தவர்களின் பல் ஒழுங்காகக் கடித்துக் கடித்து முன்னேறியது. மேல்செட்டு மட்டும் உள்ளவர்களின் பல் தத்தித் தத்திப் போனதால் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தது.

ஆலை வாசலில் காவலுக்கு நின்ற நேப்பாளி ஒழுங்கான ஆள். வருகிறவர்களை எழுதாமல் உள்ளே விடக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. ஆகவே அவர் புத்தகத்தில் எழுதினார்: காலை ஆறு ஐம்பது, வந்தவர் பல், எண்ணிக்கை பதினேழு, ஐசி அட்டை இல்லை, யாரைப் பார்க்க வந்தது என்று தெரியவில்லை. பல் செட்டுகள் பழம் பிழியும் பிரெஸ் கொட்டகையின் சுவர் ஓரமாக, சாக்கடைக் கட்டையின் மேல் வரிசையாக நின்றன. இரண்டாம் நம்பர் பிரெஸ்ஸில் பழம் விழுந்து சுமை ஏறியதும் அதன் கியர்பாக்ஸ் ஈ என்று ஒரு நீளமான கீச்சுக் குரல் எடுத்தது. அந்தக் குரல் எழும்போதெல்லாம் பதினேழு செட்டும் ஒன்றாகக் கடகடவென்று அடித்துக்கொண்டன. சுமை இறங்கினால் அவையும் நின்றன. சொந்தப் பல் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் தண்ணீர் குடித்தால் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கூசியது.

அந்தப் பல்சக்கரத்தைச் செய்தவள் வேலாயியின் மருமகள் மோகனா. முப்பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலைக்குப் போய், எட்டு வருடம் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருந்தாள். பிறகு செங் தொழிற்பேட்டையில் நல்லமுத்து என்பவரின் கியர் பட்டறையில் சேர்ந்து, பற்களைக் கடைசியாகச் சாணை பிடிக்கும் மெஷினில் நின்றாள். தலைமுடி ஒன்றின் கனம் எழுபது மைக்ரோன் என்றால், மோகனாவின் ஆள்காட்டி விரலுக்கு மூன்று மைக்ரோன் மேடு தெரியும். இது பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கை குலுக்கினால் அவர்கள் மோதிரம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, அவர்கள் சுத்தியலை எந்தக் கையில் பிடிப்பார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள். அவள் சாணை பிடித்த பல்லை அளக்கும் மெஷினில் வைத்தால், கணினித் திரையில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போகும். ரெம்பியா ஆலைக்குச் செய்த இருபத்து மூன்று பல் சக்கரத்தின் கோடு இதுவரை இல்லாத அளவுக்கு நேராக வந்தது. அதை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டு ஹாலில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

சக்கரத்தைப் பூட்டியவன் அவள் புருஷன் தர்மேந்திரன். ஆலையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர். பத்து பெரண்டாம் வீட்டிலிருந்து தினமும் மோட்டரில் ரெம்பியாவுக்குப் போய் வருவான். மோகனா பல்லில் எப்படியோ, அவன் அச்சுத்தண்டில் அப்படி. அவன் பூட்டிய எந்த மெஷினும் ஒரு முடி அளவுகூடச் சாய்ந்ததில்லை. இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் துவாலையை மூன்றாக மடிப்பதா நாலாக மடிப்பதா என்பதற்கே ஒரு சனிக்கிழமை போய்விடும். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு தடவைகூடத் தவறு செய்ததில்லை என்பதால், யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரெஸ் முதல் தடவையாகக் கீச்சிட்டபோது தர்மேந்திரன் வீட்டுக்கு வந்து, பல் சரியில்லை என்றான். பூட்டியதுதான் சரியில்லை என்றாள் மோகனா. சுவரில் மாட்டியிருந்த கோட்டைக் காட்டினாள். அவன் அச்சு அளந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். சோறு ஆறிப் போயிற்று. அவன் மூன்று சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ரெம்பியாவில் அம்மா வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை மோகனா மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது வேலாயி போனில் கூப்பிட்டாள். பல் இல்லாத வாயால் அவள் சொன்னது மோகனாவுக்கு இரண்டு தடவை புரியவில்லை. மூன்றாவது தடவை வேலாயி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எம் பல்லு... ஒங் கியரப் பாக்கப் போயிருக்கு."

"என்னா அத்தை சொல்றீங்க?"

"ஊரு பல்லு பூரா அங்கதான் நிக்குது. என்னா எழவப் பண்ணித் தொலைச்சியோ, வந்து பாரு."

புதன்கிழமை மோகனா லீவு போட்டுவிட்டு, சட்டம் போட்ட கோட்டைச் சுவரிலிருந்து கழற்றிக் காரின் முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டு, ரெம்பியாவுக்கு ஓட்டிப் போனாள். அன்று சாக்கடைக் கட்டையில் பதினெட்டு செட்டுகள் இருந்தன. பதினெட்டாவது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நல்ல விலை உயர்ந்த செட்டு, வெள்ளை வெளேர் என்று, ஒரு பல்லின் ஓரத்தில் மட்டும் தங்கம். ஆலை மேனேஜர் சேகரன் அன்று காலையிலிருந்து மூன்றடுக்கு முகமூடி போட்டிருந்தார். கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்று தலையாட்டிக் காட்டினார். பேச வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தார்.

பல்லுக்குச் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ரப்பர் பேண்டைக் கடித்து அறுத்துக்கொண்டு அவை திரும்ப வந்தன. ஓய்வு பெற்ற வாத்தியார் சிக்கு ரஹ்மான் தன் பல்லை அலமாரிக்குள் பேட்மிண்டன் கோப்பைகளோடு வைத்துப் பூட்டினார். அது பின்பலகையைத் தின்று ஓட்டை போட்டு வெளியேறியது. அலமாரி போனதைவிட, அந்தப் பல்லால் தன்னால் ஒரு கொய்யாப்பழத்தைக்கூடக் கடிக்க முடிந்ததில்லையே என்பதுதான் சிக்குவுக்கு வருத்தம்.

பிரெஸ் கொட்டகைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் நின்றார்கள். மோகனா சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல எங்க தப்புன்னு காட்டுங்க. ஒரு மைக்ரோன் காட்டுங்க போதும்."

"கோடு அழகாத்தான் இருக்கு. சத்தத்தக் கேளுலா, அது யாரு போடுறா? நானா?"

"நீங்க பூட்டுனதுலதான் போடுது."

"அச்ச மூணு வாட்டி அளந்துட்டேன். வேணும்னா நீயே தொட்டுப் பாரு."

மோகனா தொட்டுப் பார்த்தாள். அச்சில் குறை இல்லை. அவனும் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்தான். அதிலும் குறை இல்லை. கோபம் இரண்டு பேருக்கும் கூடிற்றே தவிரக் குறையவில்லை. அவள் பேசும்போது சுவர் ஓரத்துப் பதினெட்டு செட்டும் அவள் பக்கம் திரும்பின. அவன் பேசும்போது அவன் பக்கம் திரும்பின. பேட்மிண்டன் பார்க்கும் கூட்டம்போல் இப்படி முக்கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் சேகரன் ஒரு தாளை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுகிறார்கள், ஊரே வரும், பல் வேண்டும். சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் இந்தச் சக்கரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஊரில் வாங்கிக்கொள்வேன் என்று எழுதியிருந்தது. அதன் அர்த்தம் மோகனாவுக்குத் தெரியும். திருப்பி வந்தால் சாணை மெஷினை விற்றுவிடுவதாக நல்லமுத்து ஏற்கெனவே சொல்லியிருந்தார். மோகனாவை இரும்பு அறுக்கும் வாள் மெஷினில் நிற்க வைப்பார். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காத இடத்தில் இந்த விரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. தர்மேந்திரன் பார்த்துவிடுவான் என்று திரும்பி நின்று சட்டத்தைத் துடைத்தாள். பதினெட்டு செட்டும் பார்த்தன.

வியாழக்கிழமை அலோர் காஜாவிலிருந்து தினேஷ்வரன் வந்தான். முப்பது வயது, பல் கட்டுகிறவன். அந்தப் பதினெட்டில் ஒன்பது அவன் செய்தவை. செய்த பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது தன் கடமை என்று சின்னச் சாணை மெஷினையும் ஒரு கட்டு நீலத் தாளையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். சாக்கடைக் கட்டையிலிருந்து வேலாயியின் பல்லை எடுத்துக் கழுவி, அவளை எண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்கார வைத்து வாயில் மாட்டினான். சொந்த வாயில் இரண்டு நிமிடம் அது அடங்கி இருந்தது. நடுவே நீலத் தாளை வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னான். பல் முழுக்க நீலம் பதிந்தது. பிறகு பலமாகக் கடிக்கச் சொன்னான். ஒரே ஓரத்தில் மட்டும் அழுத்தமாக நீலம் விழுந்தது. அந்த இடத்தைச் சாணையில் லேசாகத் தடவினான். பக்கத்தில் நின்ற மோகனாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன் தம்பி, மொதல்ல நல்லாத்தானே பொருந்துச்சு? நல்லா இருக்கறத எதுக்குக் கெடுக்குறீங்க?"

"மெல்லக் கடிக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும்க்கா. அமுக்கிக் கடிச்சா ஈறு கீழ போவும்லா. அப்ப ஒரு பக்கம் முந்திக்கிட்டு இடிக்கும். அதுக்குத்தான் முன்னாடியே கொஞ்சம் எடுத்துடுறது. பாட்டி என்னா வெறும் வாயவா மெல்லப் போறாங்க? முறுக்கு கடிக்கணும்ல."

வேலாயி வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பிரெஸ்ஸில் சுமை ஏறிற்று. பல் அவள் வாயிலிருந்து குதித்து வரிசைக்குப் போய்விட்டது. தினேஷ்வரன் அடுத்ததை எடுத்தான். மோகனா அங்கே இல்லை. அவள் கொட்டகைக்குள் போய், கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றச் சொல்லி, பற்களுக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். முதலில் பழம் போடாமல் ஓட்டினார்கள். சாயம் ஒவ்வொரு பல்லிலும் முகம் முழுக்க ஒரே சீராக அழிந்தது. அவள் வரைந்த கோட்டைப்போலவே அழகாக இருந்தது. மறுபடி பூசி, பழம் நிறைத்து ஓட்டினார்கள். கீச்சு எழுந்தது, வெளியே கடகடவென்று கேட்டது. நிறுத்திப் பார்த்தபோது சாயம் இடது ஓரத்திலும் பல் நுனியிலும் மட்டும் சுரண்டி எடுத்ததுபோல் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் நீலமாக அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பல் சாணை பிடிக்கிறாள், தன் பல் சுமை தாங்கும்போது எப்படி இருக்கும் என்பதை மோகனா அன்றுதான் பார்த்தாள். சுமை ஏறினால் அச்சு வளைகிறது. பல்லும் வளைகிறது. முன்னால் இருக்கும் பல் வளைந்து பின்வாங்க, அடுத்த பல் நேரத்துக்கு முன்னால் வந்து நுனியால் இடிக்கிறது. ஒரு சுற்றுக்கு இருபத்து மூன்று இடி. அதுதான் குரல்.

வளைவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடுப்பது என்று தெரியும். அதை அளக்கத் தெரிந்த ஆள் அந்த ஆலையில் ஒருவன்தான். அவன் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். மோகனா அவன் எதிரில் போய் நின்றாள்.

"ஃபுல் லோடுல அச்சு எவ்ளோ எறங்குது?"

தர்மேந்திரன் நிமிரவில்லை. நெத்திலியைத் தனியாக ஒதுக்கினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, முழங்கால் மேல் வைத்தான். முப்பத்தைந்து மைக்ரோன் என்று அதில் எழுதி, அடியில் கோடு போட்டு, அதற்கு மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்திருந்தான். அந்தத் தாளைக் கிழித்தான்.

"ஞாயித்துக்கிழமையே அளந்துட்டீங்களா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் பூட்டுனது சாயுதுன்னு ஆயிரும்ல."

"சாயத்தான் செய்யும். இரும்புதானே."

அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "அப்ப ஒம் பல்லு?"

"அதுவும் வளையுது," என்றாள் மோகனா. "கோடு நேராத்தான் இருக்கு. ஆனா வேல செய்யறப்ப நேரா இல்ல."

பிறகு அவன் பொட்டலத்தில் பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். முட்டை இருந்த பாதி. அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெளியே பற்கள் ஏன் அமைதியாக இருக்கின்றன என்று காவலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை தர்மேந்திரன் சக்கரத்தைக் கழற்றி ஆலை லோரியில் ஏற்றிச் செங்குக்குப் புறப்பட்டான். பதினெட்டு செட்டும் லோரிக்குப் பின்னால் சாலையில் இறங்கின. ஐம்பது அடி போனதும் மேல்செட்டுகள் திணறுவதைக் கண்ணாடியில் பார்த்த தர்மேந்திரன், வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் அள்ளிச் சக்கரத்தைச் சுற்றி உட்கார வைத்தான். வழியில் போலீஸ் மறித்தது. லோரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த காப்ரல் "கிகி சியாப்பா நி?" என்று, பல் யாருடையது என விசாரித்தார். ரெம்பியா ஆட்களுடையது என்றான் தர்மேந்திரன். காப்ரல் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். சம்மன் புத்தகத்தைப் புரட்டினார். பல்லுக்கென்று அதில் எதுவும் இல்லை. பின்பக்க விளக்கு ஒன்று எரியவில்லை, மாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நல்லமுத்து பட்டறையில் பற்கள் சாணை மெஷினுக்கு எதிரே பெஞ்சு மேல் வரிசையாக இருந்தன. ஃபோர்க்லிஃப்ட் போகிற வழியில் வராமல் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் நல்லமுத்து ஒன்றும் சொல்லவில்லை. மோகனா சக்கரத்தை ஏற்றினாள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் பதினாறு மைக்ரோன் எடுக்க வேண்டும். முகத்தின் நடுவைத் தொடாமல், இரண்டு ஓரத்திலும் பன்னிரண்டு மைக்ரோன் சரிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அவள் விரலுக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். தானே நேராக்கிய ஒன்றைத் தானே வளைப்பது, கழுவி மடித்த துணியைத் தெருவில் போட்டு மிதிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. முதல் பல்லில் சாணைக்கல்லை வைப்பதற்கு முன் இரண்டு தடவை கையை எடுத்துவிட்டாள். தர்மேந்திரன் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். அவளை அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவை கல் பல்லைத் தொட்டது. நெருப்புப் பொறி கிளம்பியது. பெஞ்சு மேல் ஒரு செட்டு கொட்டாவி விட்டதுபோல் திறந்து மூடிக்கொண்டது. ஏழாவது பல்லுக்கு வரும்போது பாதி செட்டுகள் வாய் மூடி உட்கார்ந்துவிட்டன. இருபத்து மூன்றாவது பல் முடிந்தபோது பட்டறையில் காற்றாடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். கோடு நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் சரிந்து, பிசாங் மாஸ் வாழைப்பழம்போல் வந்தது. திரை முழுக்கச் சிவப்பாகி, தேறவில்லை என்று காட்டியது. பன்னிரண்டு வருடத்தில் மோகனா பெயருக்கு நேரே சிவப்பு வருவது இதுவே முதல் தடவை. நல்லமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மோகனா, இத நான் எப்படிம்மா வெளிய அனுப்புறது? ஃபெயில்னு போட்டிருக்கு."

"அனுப்புங்க மொதலாளி. நான் எழுதித் தரேன்."

தாளின் அடியில் அவள் எழுதினாள்: வேண்டுமென்றே செய்தது. கையெழுத்துப் போட்டாள். நல்லமுத்து அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதற்கு ஒரு முத்திரை செய்ய வேண்டும்போலிருக்கிறதே என்றார். பிறகு உண்மையிலேயே செய்தார். அது இன்றும் பட்டறையில் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தர்மேந்திரன் சக்கரத்தைப் பூட்டி முடித்தான். லோரியில் திரும்பி வந்த பற்கள் சாக்கடைக் கட்டையில் நின்றன, பல்லுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பிரெஸ்ஸில் பழம் கொட்டியது. சுமை பாதி ஏறியது, முழுக்க ஏறியது. எல்லாரும் காத்திருந்தார்கள். எண்ணெய் வழிந்தது, சக்கை விழுந்தது. கியர்பாக்ஸ், அரிசி மாவைச் சலிப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயிலில் மைக் டெஸ்ட் செய்வது முதல் தடவையாக ஆலைக்குள் தெளிவாகக் கேட்டது. மோகனா கியர்பாக்ஸ் மேல் விரலை வைத்தாள். கொஞ்சநேரம் எடுக்கவே இல்லை. தர்மேந்திரன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை அசைத்ததும் அவனும் பக்கத்தில் கையை வைத்தான்.

பல் செட்டுகள் ஒவ்வொன்றாகக் கட்டையை விட்டு இறங்கிக் கூட்டத்தை நோக்கி வந்தன. வந்த வேகத்தில் சிலருக்கு அடையாளம் தெரியவில்லை. காலடியில் வந்ததை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்கள். மாட்டியவர்கள் ஆச்சரியத்தோடு ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் உறுத்தவில்லை. சிக்கு ரஹ்மான் சட்டைப் பையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து, எல்லாரும் பார்க்கக் கடித்துக் காட்டினார். கடைசியில் ஒரே ஒரு செட்டு, தங்க ஓரம் உள்ளது, கட்டையிலேயே நின்றது. எவரும் வரவில்லை. பகல் ஷிப்டுக்கு மணி அடித்தது. நூற்றிருபது தொழிலாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்தபோது, அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு சேகரன் வந்தார். முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பல்லை எடுத்துக் குழாயடியில் நிதானமாகக் கழுவி மாட்டிக்கொண்டார். நாலு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"என்னா பாக்குறீங்க? பல்லப் பாத்ததில்ல? போய் வேலையப் பாருங்க."

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் என்பதால், மோட்டர் விபத்திலோ பந்து விளையாட்டிலோ போயிருக்கும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. அவர் எதையும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார் என்றும், சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது என்றும் ஆலை அலுவலகக் கிராணிகள் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். கூழுக்குப் பல் வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஆனாலும் பல்லோடு வந்தவர்கள் பெருமையாகக் குடித்தார்கள். வரிசையில் முந்திய ஒருவனை வேலாயி திட்டியபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. அவள் வாயிலிருந்து வந்தது ஹோக்கியன், லிம் தவுக்கே பேசும் சீனம். சுத்தமான, கடைத்தெரு ஹோக்கியன். அவளுக்கே தான் சொன்னது புரியவில்லை. அந்த நேரத்தில் கோயிலுக்கு வெளியே சர்பத் வாங்கிக்கொண்டிருந்த லிம் தவுக்கே, சில்லறை குறைவாகக் கொடுத்தவனைப் பார்த்து, "எடுபட்ட பயலே, யாருகிட்ட வெளையாடுற?" என்று வேலாயியின் குரலில் தமிழில் கேட்டார். இரண்டு பேருக்கும் பல் மாறிப் போயிருந்தது. ஓடிப் போய் மாற்றிப் பார்த்தார்கள். சொந்தப் பல் குத்தியது. மாறிய பல் பஞ்சுபோல் பொருந்தியது. சாப்பாடா பேச்சா என்று யோசித்து, இருவருமே சாப்பாடு என்று முடிவு செய்தார்கள்.

தர்மேந்திரன் அன்றே மூன்று சட்டையோடு பத்து பெரண்டாமுக்குத் திரும்பினான். துவாலைச் சண்டை நிற்கவில்லை. ஆனால் சண்டை முற்றும் நேரத்தில் யாராவது ஒருவர் "எவ்ளோ?" என்று கேட்பார்கள். மற்றவர் எவ்வளவு என்று சொல்வார். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மீதிக்குச் சண்டை போடுவார்கள். நல்லமுத்து பட்டறைக்கு மறு வருடம் ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வேலை வந்தது. சத்தம் போடாத கியர் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் மோகனா வரைபடத்தை வாங்குவதற்கு முன், மெஷின் என்ன சுமை தாங்கும், தாங்கும்போது எங்கே வளையும் என்றுதான் கேட்கிறாள். வளையவே வளையாது என்று சொல்கிற ஆளை ஒரு கோப்பி குடித்துவிட்டு யோசித்து வரச் சொல்கிறாள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் மோகனாவும் தர்மேந்திரனும் எண்ணெயும் மாவும் வாங்க லிம் தவுக்கே கடைக்குப் போனார்கள். வேலாயி அங்கேதான் இருந்தாள். இப்போதெல்லாம் பகலில் பாதி நேரம் அங்கேதான் இருப்பாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் ஹோக்கியனில் சொல்ல, தவுக்கே அதைத் தமிழில் அவளுக்கே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் காத்திருந்து பழகிவிட்டார்கள். மருமகளைக் கண்டதும் வேலாயி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அவள் கையை எடுத்து, ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொண்டு, ஹோக்கியனில் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் ஒரு தடவை குரல் தழுதழுத்தது. சொல்லி முடித்துவிட்டு, கோபித்துக்கொண்டவள்போல் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்றாள்.

மோகனா தவுக்கேயைப் பார்த்தாள். தவுக்கே கடலை மாவை நிறுத்துக்கொண்டே, வேலாயியின் குரலில், வேலாயியின் இழுப்போடு சொன்னார்.

"ஏண்டி, இத்தன வருசமா ஒங் கையி என்னா கையின்னு சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. ஒன்னய மாதிரி வேலைக்காரி இந்தச் சில்லாவுலயே இல்லடி. எம் மவனுக்கு ஒன்னய விட்டா யாரு? போ, மாவு நல்ல மாவான்னு பாத்து வாங்கு."

தர்மேந்திரன் எண்ணெய் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மோகனா மூக்கை உறிஞ்சினாள்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க தவுக்கே," என்றாள்.

தவுக்கே சொன்னார். வேலாயி திரும்பாமலே தலையாட்டினாள். மாவு ஒரு கிலோவும் எண்ணெய் ஐந்து கிலோவும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.